களத்துமேடு ஊரின் மையமாகட்டும்

தை, மாசி மாதங்களில் விளாத்திகுளத்திலிருந்து புதூர் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். சாலையின் ஒரு பாதியில் மக்காச்சோளமும் உளுந்தும் காய்ந்து கொண்டிருக்கும். மறு பாதியில் பேருந்துகளும் லாரிகளும் செல்லும். தானியத்தைச் சுற்றிலும் கல்லை வரிசையாக வைத்து, வெயிலில் துண்டைப் போர்த்திக் கொண்டு ஒரு மூதாட்டி காவல் இருப்பார். கல்லும் மண்ணும் கலந்த தானியத்துக்கு விலை குறைகிறது. இரவில் கல் இருப்பது தெரியாமல் இருசக்கர வண்டியில் வருவோர் விழுகின்றனர்.

அந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளே சென்றால் பல ஊர்களில் சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிச் சிறு கிடங்கும் இருக்கக்கூடும். அறுவடைக் காலத்தில் ஒரு சிலர் அதைப் பயன்படுத்துவர். மற்ற மாதங்களில் அது பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். ஊர்ப் பணத்தில் கட்டிய களம் இருக்க, ஊரார் ஏன் சாலைக்குப் போகிறார்கள்? இக்கேள்விக்கு விடை கண்டால், அந்தக் களத்தையே ஊரின் தொழில், செய்தி, சேமிப்பு, பாதுகாப்பு ஆகிய அனைத்துக்கும் மையமாக மாற்றும் வழியும் புலப்படும். அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

களம் என்பது வெறும் தரையா?

நம் முன்னோருக்குக் களம் கதிரடிக்கும் இடம் மட்டுமன்று. அங்கேதான் பொலி தூற்றினார்கள், அளந்தார்கள், கூலி கொடுத்தார்கள். கொல்லர், தச்சர், வண்ணார் முதலியோருக்கு உரிய பங்கும் களத்திலேயே அளக்கப்பட்டது. யார் நிலத்தில் எந்த விதை நன்றாக வந்தது, யார் மாட்டுக்கு நோய், எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது என்ற செய்திகள் எல்லாம் அங்கேயே பரவின. ஏற்றத் தாழ்வுகளும் அங்கே இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. யார் களத்தில் ஏறலாம், யார் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அந்தக் காலம் வகுத்து வைத்திருந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, பத்துப் பேர் கூடி வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேருக்கும் பயன்படும் வேறு காரியங்களும் நடக்கலாம் என்ற நல்ல பகுதியை மட்டும் நாம் எடுத்துக் கொள்ளலாம்.

அறுவடை இயந்திரமும் கதிரடிக்கும் இயந்திரமும் வந்த பிறகு களத்தில் கூடும் நாட்கள் குறைந்துவிட்டன. வேலை எளிதாயிற்று. ஆனால் விவசாயிகள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமும் போயிற்று. இன்று பலர் தனித்தனியே விதை வாங்கி, தனித்தனியே மருந்து அடித்து, தனித்தனியே வியாபாரியிடம் விலை பேசுகின்றனர். ஐந்து மூட்டை உள்ளவருக்கு விலை சொல்லும் வலிமை ஏது?

கடற்கரை கற்பிக்கும் பாடம்

நம் மாவட்டத்தின் கிழக்கு எல்லை கடல். கரிசல் விவசாயி கடற்கரையிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் கரையில் ஒரு தற்காலிக ஊரே எழும்பும். ஆங்கிலேயர் காலத்து முறைப்படி, எடுத்து வந்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு உரியது. மீதம் அரசுக்குரியதாகி எல்லோர் முன்னிலையிலும் ஏலம் விடப்படும். பங்கு பிரிப்பதும் ஏலம் விடுவதும் ஒரே திறந்த இடத்தில் நடந்தன. ஆனால் அந்த இடம் குளித்தவர்களின் கையில் இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புடன் அத்தொழில் நம் கரையில் பெரும்பாலும் முடிந்து போயிற்று. கரையில் எழுந்த தற்காலிக ஊரும் அத்துடன் கலைந்தது.

மீன்பிடித் தொழிலில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மீனவர் படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். அதனால் பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டி வரும். 1960-களின் இறுதியில் திருவனந்தபுரம் அருகே மரியநாடு என்னும் கடற்கரை ஊரில் மீனவர்கள் ஒன்று கூடி, கரையில் நடக்கும் ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினர். விற்ற பணத்தில் சிறு பங்கைச் சேமிப்பாகவும் சங்கச் செலவுக்காகவும் பிடித்துக் கொண்டனர். அந்தச் சேமிப்பைக் கொண்டு வலைக்கும் படகுக்கும் கடன் கிடைத்தது. இத்தகைய சங்கங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவின. 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் பின்னர் படகு கட்டும் பட்டறைகளும் இயந்திரம் பழுது பார்க்கும் நிலையங்களும் வந்தன.

அவர்கள் தொடங்கும்போது கட்டடம் கட்டவில்லை. மீனவர் தினமும் எப்படியும் வந்து சேரும் கரையை, ஏலம் நடக்கும் அந்த ஒரு துண்டு மணலை, தங்கள் பொறுப்பில் எடுத்துக் கொண்டார்கள். மற்றவை அதைத் தொடர்ந்து வந்தன. நம் ஊர்க் களமும் அத்தகைய இடம்தான்.

எம்பலமும் வீராம்பட்டினமும்

பொது இடத்தைச் செய்தி மையமாக மாற்றிய முன்னோடிப் பணி புதுச்சேரிப் பகுதியில் 1998-இல் தொடங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. இடத்தை ஊரார் வாடகையின்றித் தர வேண்டும், அம்மையத்துக்குள் சாதி வேறுபாடின்றி எல்லோரும் வரலாம் என்பன நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலுக்கு உரிய இடத்திலேயே மையம் நடந்தது. ஊரைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்று அதனை நடத்தினர். நெல் விலை, விதை இருப்பு, அரசுத் திட்டங்களின் பட்டியல், மருத்துவர் வரும் நாள் ஆகியவை அங்கே கிடைத்தன.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்களுக்கு நெல் விலையால் என்ன பயன்? அங்கே அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைக் கணினி மூலம் பெற்று, ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தனர். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை அது கேட்டு முடிவு செய்தனர். ஒரே முயற்சி, உழவர் ஊரில் ஒரு வடிவமும் மீனவர் ஊரில் வேறு வடிவமும் எடுத்தது. அந்தந்த ஊருக்கு வேண்டியதை அந்தந்த ஊரே சொல்ல வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்று செய்தி ஒவ்வொருவர் கையிலுள்ள கைப்பேசியிலும் வந்து விழுகிறது. அப்படியானால் பொது மையம் எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி செய்தியைத் தரும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு முடிவு எடுப்பதற்கு ஓர் இடம் வேண்டும். படைப்புழுவை எடுத்துக் கொள்வோம். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த இப்புழு அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பெரிதும் தாக்கியது. ஒருவர் மட்டும் கோடை உழவு செய்து, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இட்டு, 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பயன் குறைவு. பக்கத்து வயலில் உள்ள கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிப் பறந்து வந்து முட்டையிடும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் தெரியும். அந்த ஒப்பந்தம் கைப்பேசியில் நடப்பதில்லை; களத்தில்தான் நடக்கும்.

சாவி யாரிடம்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற்றபோது, கரிசல் பகுதியில் ஓர் ஊருக்கு அவர்களுடன் நானும் சென்றிருந்தேன். நல்ல களம், நல்ல கிடங்கு. இருந்தும் பாதி ஊர் சாலையில் உளுந்து காயப் போட்டிருந்தது. மாணவர்கள் வீடு வீடாகக் காரணம் கேட்டனர். "தூரம்", "நேரமில்லை" என்று பலவாறு சொன்னார்கள். ஒரு மூதாட்டி மட்டும், "களம் ஊருக்குத்தான்யா, சாவிதான் ஒரு வீட்டுக்கு" என்றார்.

செய்தி அவ்வளவுதான். கிடங்கின் சாவி ஒருவர் வீட்டில் இருந்தது. அவருக்கு வேண்டியவர்கள் முதலில் காயவைத்தனர். மற்றவர்கள் கேட்கக் கூச்சப்பட்டனர். காலனியிலிருந்து யாரும் கேட்டதே இல்லை. கணவர் வெளியூரில் வேலை செய்ய, தனியே விவசாயம் பார்க்கும் பெண்களும் கேட்டதில்லை. அவர் கெட்டவர் அல்லர். களத்தைக் கூட்டி வைத்தவரும் அவரே. ஆனால் முறை என்று ஒன்று எழுதப்படாததால் அவர் வைத்ததே முறையாயிற்று.

அந்த ஊர்க் கிராம சபையில் இது பேசப்பட்டது. அடுத்த அறுவடைக்கு மூன்று சாவிகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று மகளிர் குழுவிடமும் ஒன்று காலனியிலும் இருந்தன. முறைப் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது. அவ்வாண்டு சாலையில் காய்ந்த உளுந்து வெகுவாகக் குறைந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் வசூலான பணத்துக்குக் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டார்கள். பேச்சு வளர்ந்தது, சில மாதங்கள் களம் மீண்டும் பூட்டிக் கிடந்தது. கணக்குப் புத்தகம் திறந்த பிறகே களமும் திறந்தது. சாவி, கணக்கு, நுழைவு ஆகிய மூன்றும் பொதுவாக இருந்தாலன்றிக் களம் பொதுவாகாது என்பதை அங்கேதான் நான் கற்றேன்.

முதல் வேலை: நன்றாக உலர்த்துதல்

மையம் அமைக்கிறோம் என்று கூட்டம் போட்டு, படம் மாட்டி, நாற்காலி வாங்குவதில் தொடங்கினால் ஆறு மாதத்தில் தூசி படியும். மக்கள் எதற்காக ஏற்கெனவே வருகிறார்களோ அந்த வேலையைச் செம்மையாக நடத்துவதே தொடக்கம். நம் பகுதியில் அது உலர்த்துதல்.

நம் மானாவாரி நிலத்தில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்து விடுகிறது. தை மாதம் வெயில் இருக்கும் என்று நம்பியே அறுவடை செய்கிறோம். ஆனால் 2021 ஜனவரியில் பெய்த மழையில் தென் மாவட்டங்களில் உளுந்தும் பாசிப்பயறும் செடியிலேயே முளைத்தன. அத்தகைய ஆண்டில் கிடைக்கும் இரண்டு நாள் வெயிலையும் வீணாக்காமல் பயன்படுத்தக் களம் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. பயறு வகைகளைச் சேமிக்க ஈரப்பதம் 10 சதத்துக்குள் இருக்க வேண்டும். அரசுக் கொள்முதலில் 12 சதத்துக்கு மேல் ஈரம் உள்ள பயறு ஏற்கப்படுவதில்லை. மக்காச்சோளத்தை 12 சதம் வரை உலர்த்திச் சேமித்தல் நலம்.

2. இரண்டு அங்குலக் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. மணிக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

3. மிளகாயை மணலிலோ வெறும் மண்ணிலோ காயவைத்தால் பூஞ்சணம் பற்றும். அப்பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருந்தால் ஏற்றுமதிக்குச் செல்லும் சரக்கு திருப்பப்படும். சிமெண்டுக் களமோ தார்ப்பாயோ அவசியம்.

4. ஈரமானி இல்லாத ஊரில் உப்புச் சோதனை செய்யலாம். நம் மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம்? ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு நன்கு காய்ந்த தூள் உப்பைப் போட்டு, அதன் மேல் தானியத்தையும் இட்டு, மூடிக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வைக்கவும். உப்பு புட்டியின் பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதத்துக்கு மேல் உள்ளது என்று பொருள், இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டால் ஓரளவு காய்ந்திருக்கிறது. விற்பனைக்குமுன் ஈரமானியில் பார்த்துக் கொள்வது நல்லது. ஓர் ஈரமானி ஊருக்கே போதும். அதைக் களத்துக் கிடங்கில் வைக்கலாம்.

5. கிடங்கில் மூட்டைகளைத் தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கவும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டு, தானியத்துடன் கிடங்குக்கு வந்து விடுகிறது. எனவே பழைய சாக்குகளைச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. பக்கமெல்லாம் துளையிட்ட குழாய் போன்ற பூச்சிப் பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. அதைத் தானியத்துக்குள் செருகி வைத்தால் வண்டு பெருகுமுன்னே கண்டுகொள்ளலாம்.

முறையும் கணக்கும்

களம் எவ்வளவு தாங்கும் என்று ஊரார் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களத்தில் இரண்டு அங்குலக் கனத்துக்கு உளுந்தைப் பரப்பினால் சுமார் 40 குவிண்டால் கொள்ளும். ஏக்கருக்கு இரண்டரை குவிண்டால் மகசூல் என்று கொண்டால் அது 16 ஏக்கரின் விளைச்சல். காய இரண்டு நாள். ஊரில் 200 ஏக்கர் உளுந்து இருந்தால் 500 குவிண்டால். அதை உலர்த்தப் பதின்மூன்று முறை, அதாவது 26 நாட்கள் வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் அறுத்தால் எப்படி இடம் போதும்?

எனவே முறைப் பட்டியலை விதைக்கும்போதே தொடங்க வேண்டும். யார் எந்தத் தேதியில் விதைத்தார் என்று களத்துப் பலகையில் எழுதினால், யார் எப்போது அறுப்பார் என்பது தெரிந்துவிடும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தருவது நியாயம். பெரிய விவசாயி தார்ப்பாய் வாங்க முடியும். சிறு விவசாயிக்குக் களத்தை விட்டால் சாலைதான்.

மூட்டைக்குச் சிறு தொகை வசூலிக்கலாம். வசூலையும் செலவையும் வாரந்தோறும் பலகையில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக மாதம் ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது.

அடுத்தடுத்த படிகள்

உலர்த்துதல் சீராக நடந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

முதலாவது, கருவிகள். தமிழ்நாடு அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து, நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாயின. பண்ணைக் கருவிகள் வாங்க ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. அவ்வாறு வாங்கிய கருவிகள் எங்கே நிற்கின்றன? ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் நின்றால் அது அவர் கருவியாகிவிடும். களத்தில் நின்றால் ஊர்க் கருவி. எடுத்த நேரம், திருப்பிய நேரம், வாடகை, பழுது ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு அங்கேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கூட்டு விற்பனை. ஒரே களத்தில் காய்ந்து, ஒரே சல்லடையில் சலித்து, ஒரே கிடங்கில் இருக்கும் நூறு மூட்டைக்கு வியாபாரி தேடி வருவார். அன்றைய விலை விவரத்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து பெற்றுப் பலகையில் எழுதிய பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, செய்திப் பலகை. மழை முன்னறிவிப்பு, பூச்சி எச்சரிக்கை, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள், பருவத்துக்குரிய ஒரு தொழில்நுட்பம் ஆகியன போதும். எடுத்துக்காட்டாக, பயறு பூக்கும் சமயத்தில், "ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தின நாள் ஊறவைத்து, தெளிந்த கரைசலை 200 லிட்டராக்கித் தெளிக்கவும், 15 நாள் கழித்து மீண்டும் ஒரு முறை" என்று எழுதி வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் இதை அழகாக எழுதுவார்கள். வீட்டில் போய்ச் சொல்லவும் செய்வார்கள்.

நான்காவது, மகளிர் தொழில். அறுவடை இல்லாத மாதங்களில் கிடங்கின் ஒரு பகுதியில் பயறு உடைத்தல், மிளகாய் தரம் பிரித்தல் போன்றவற்றை மகளிர் குழுக்கள் செய்யலாம். தலைக்குமேல் நிழலும், குடிநீரும், கழிப்பறையும் இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். களம் கட்டும் திட்ட மதிப்பீட்டிலேயே இவற்றையும் சேர்க்க ஊராட்சியைக் கேட்க வேண்டும்.

வெள்ளம் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ரயில் நின்றுவிட்டது. அப்போது அருகிலுள்ள புதுக்குடிக் கிராமத்தார் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு வந்து சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை ஊரே ஊரைக் காக்க வேண்டியிருந்தது.

மேட்டில் கட்டிய களமும் கிடங்கும் அத்தகைய நாளில் புகலிடமாகும். அரிசி, பெரிய பாத்திரம், தார்ப்பாய், விளக்கு, கயிறு ஆகியவை எங்கே உள்ளன, சாவி யாரிடம் உள்ளது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சாவி தேடிக் கொண்டிருக்க முடியாது. ஆண்டு முழுவதும் ஊரார் புழங்கும் இடத்தில்தான் இது சாத்தியம். எனவே புதுக் களத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது ஓடைப் புறம்போக்கையும் கண்மாய் உள்வாயையும் விலக்கி மேடான இடத்தைப் பார்க்க வேண்டும்.

யாரை அணுகுவது?

களமும் கிடங்கும் அமைக்க ஊராட்சி மன்றத்தையும் வேளாண்மைத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களையும் அணுகலாம். தொழில்நுட்ப ஆலோசனைக்குக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியன உள்ளன. கிள்ளிகுளம் கல்லூரி தாங்கியுள்ள பெயருக்குரிய வ.உ.சி. அவர்கள் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பலர் சிறு தொகை போட்டுப் பெரிய காரியம் செய்யலாம் என்ற துணிவு இம்மண்ணுக்குப் புதிதன்று.

முடிவாக

உழவர் பெருமக்கள் இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் மூன்று காரியங்கள் போதும். கிடங்குக்கு இரண்டாவது, மூன்றாவது சாவி செய்யுங்கள். சுவரில் ஒரு பலகை அடித்து முறைப் பட்டியலை எழுதுங்கள். ஒரு கணக்குப் புத்தகம் வாங்கி, அதைப் பூட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த தை மாதம் உங்கள் ஊர் வழியே வரும்போது சாலை முழுவதும் வண்டிகளுக்கு விடப்பட்டு, உளுந்து களத்தில் காய்வதைக் கண்டால், மற்றவை தாமே தொடரும் என்று நம்பலாம்.